கால்சியம் வந்ததை நரம்பு முனையில் யார் கவனிக்கிறார்கள்?

சென்னையில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "நரம்பு முனைக்குள் கால்சியம் நுழைந்ததும் நியூரோடிரான்ஸ்மிட்டர் வெளியேறுகிறது என்று பாடத்தில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கால்சியம் அங்கே போய் அப்படி என்னதான் செய்கிறது? சினாப்டோடாக்மின் என்ற புரதம்தான் அதை உணர்கிறது என்பதை எப்படி நிரூபித்தார்கள்? கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் மூளை சுறுசுறுப்பாகும் என்று அம்மா சொல்கிறாரே, அது உண்மையா?"

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். அம்மா சொல்வது சரியில்லை. இரத்தத்தில் கால்சியம் டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை என்ற குறுகிய எல்லைக்குள் இருக்கும்படி பாராதைராய்டு ஹார்மோனும் வைட்டமின் டியும் பார்த்துக்கொள்கின்றன. கூடுதலாக ஒரு மாத்திரை போட்டால் அது எலும்புக்கோ சிறுநீருக்கோ போகுமே தவிர, சினாப்ஸில், அதாவது நரம்பு முனை அடுத்த செல்லைச் சந்திக்கும் இடத்தில், வேகம் கூட்டாது. எலும்புக்காக டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தால் அம்மா தாராளமாகச் சாப்பிடட்டும்.

இதில் மாணவர்களைக் குழப்பும் ஒரு விஷயமும் இருக்கிறது. டிரான்ஸ்மிட்டர், அதாவது நரம்பு முனை அடுத்த செல்லுக்குச் செய்தியாக அனுப்பும் வேதிப்பொருள், வெளியேறக் கால்சியம் வேண்டும் என்றால், இரத்தத்தில் கால்சியம் குறைந்தவருக்குத் தசை தளர்ந்துபோக வேண்டும் அல்லவா? நடப்பது நேர்மாறாக இருக்கிறது. தைராய்டு அறுவை சிகிச்சையில் பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கைவிரல்கள் இழுத்துக்கொள்கின்றன. காரணம், நரம்புக்கு வெளியே உள்ள கால்சியத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு: செல் சவ்வில் சோடியம் நுழையும் வாயில்களைச் சட்டென்று திறந்துவிடாமல் கட்டுக்குள் வைத்திருப்பது. கால்சியம் குறையும்போது முதலில் கெடுவது அந்தக் கட்டுப்பாடுதான். நரம்பு தானாகவே துடிக்க ஆரம்பித்துவிடுகிறது. வெளியேற்றம் நிற்கும் அளவுக்குக் கால்சியம் குறைவதற்கு வெகுமுன்பே இது நடந்துவிடும். இந்த இரண்டு வேலைகளையும் தனித்தனியாக மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். கால்சியத்தை ஏன் செல் இந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்தது என்பதை எண்களே சொல்லிவிடும். செல்லுக்கு வெளியே உள்ள திரவத்தில் கால்சியம் அயனி 1 மில்லிமோலாருக்குச் சற்று மேல். ஓய்வில் இருக்கும் நரம்பு முனையின் உள்ளே சுமார் 100 நானோமோலார். ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். செல் ஓயாமல் சக்தி செலவழித்து, கால்சியத்தை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறது. உள்ளே இவ்வளவு குறைவாக இருப்பதால், கொஞ்சம் நுழைந்தாலும் அது பெரிய மாற்றம். சோடியத்தால் இது முடியாது. உள்ளே ஏற்கெனவே 10, 15 மில்லிமோலார் சோடியம் இருக்கிறது. ஒரு மின்துடிப்பில் நுழையும் சோடியம் அந்த அளவை அசைப்பதுகூட இல்லை. அந்த மாற்றத்தை எந்தப் புரதத்தாலும் கண்டுகொள்ள முடியாது.

மின்துடிப்பு முனையை எட்டியதும் அங்குள்ள கால்சியம் வாயில்கள் ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரம் திறக்கின்றன. திறந்த வாயிலுக்கு மிக அருகில் கால்சியம் பத்துக்கணக்கான மைக்ரோமோலாருக்கு எகிறும். சில பத்து நானோமீட்டர் தள்ளிப்போனால் அந்த அளவு இறங்கிவிடும். அதனால்தான் வெளியேறத் தயாராக இருக்கும் வெசிக்கிள்கள், அதாவது டிரான்ஸ்மிட்டர் நிரம்பிய நுண்பைகள், வாயில்களை ஒட்டியே நிறுத்தப்பட்டிருக்கின்றன. நுண்பை ஒன்றின் குறுக்களவு சுமார் 40 நானோமீட்டர். கால்சியம் நுழைவதற்கும் டிரான்ஸ்மிட்டர் கொட்டுவதற்கும் இடையே, வேகமான சினாப்ஸ்களில், ஒரு மில்லிசெகண்டின் சிறு பகுதிதான் ஆகிறது. இந்த வேகத்தில் புதிதாக எதையும் ஒன்றுசேர்க்க நேரமில்லை. எல்லாம் முன்கூட்டியே தயாராக நின்றாக வேண்டும்.

தயார்நிலையில் நிற்பவை ஸ்நேர் புரதங்கள். நுண்பையின் மேல் சினாப்டோபிரெவின். செல் சவ்வின் பக்கம் சின்டாக்சினும் ஸ்நாப்-25ம். இந்த மூன்றும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு நான்கு சுருள்கள் கொண்ட ஒரு கட்டாக மாறும்போது கிடைக்கும் சக்திதான் இரண்டு சவ்வுகளையும் இழுத்து நெருக்கி இணைக்கிறது. இரண்டு சவ்வுகளின் மேற்பரப்பிலும் எதிர்மின்னூட்டம் இருக்கிறது, நடுவில் நீர் இருக்கிறது; சும்மா விட்டால் அவை ஒன்றுசேரவே சேரா. ஆக, இணைப்பைச் செய்வது ஸ்நேர்தான், கால்சியம் இல்லை. இதைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட் செல்லுக்குள் ஒரு பை இன்னோர் அறையோடு இணைவதற்கும் இதே குடும்பத்துப் புரதங்கள்தான். அங்கே மின்துடிப்பும் இல்லை, மில்லிசெகண்ட் அவசரமும் இல்லை. ஸ்நேர் புரதங்களுக்குக் கால்சியத்தை உணரும் அமைப்பும் கிடையாது.

அப்படியானால் நரம்பு முனையில் ஸ்நேர்களைப் பாதி முறுக்கிய நிலையில் நிறுத்திவைப்பது ஒரு வேலை, கால்சியம் வந்த கணத்தில் விடுவிப்பது இன்னொரு வேலை. என்ஜின் ஓடிக்கொண்டே ஸ்டாப்பில் நிற்கும் மாநகரப் பேருந்து, கண்டக்டர் விசில் அடித்ததும் நகர்வதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கண்டக்டர்தான் சினாப்டோடாக்மின்.

இந்தப் புரதத்தின் பெயர் தெரிவதற்குப் பல வருடங்கள் முன்பே அதன் நடத்தை தெரிந்திருந்தது. லண்டனில் பெர்னார்ட் காட்ஸும் அவரோடு வேலை செய்தவர்களும் 1950களில் தவளையின் நரம்பும் தசையும் சேரும் இடத்தில் மின்முனைகளை வைத்துப் பார்த்தார்கள். டிரான்ஸ்மிட்டர் சொட்டுச்சொட்டாக, ஒரே அளவுப் பொட்டலங்களாக வருகிறது என்று கண்டுபிடித்தது அவர்கள்தான். காட்ஸுக்கு 1970இல் நோபல் பரிசு கிடைத்தது. 1967இல் டாட்ஜும் ரஹாமிமாஃபும் வெளியே உள்ள கால்சியத்தைக் கூட்டிக் குறைத்து அளந்தபோது, வெளியேற்றம் கால்சியத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதைப் பார்த்தார்கள். குறைந்த அளவுகளில் கால்சியத்தை இரட்டிப்பாக்கினால் வெளியேற்றம் இரட்டிப்பாகாது. பதினாறு மடங்கை நெருங்கும். ஒற்றை அயனி வந்து ஒட்டினால் போதும் என்றிருந்தால் இப்படி வராது. பல அயனிகள் சேர்ந்து ஒட்டினால்தான் வேலை செய்யும் ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்று அப்போதே சொல்ல முடிந்தது. என் தலைமுறையினர் தவளைத் தசையில் கையால் செய்து பார்த்த சோதனைகளை இன்றைய மாணவர்கள் பெரும்பாலும் கணினித் திரையில்தான் பார்க்கிறார்கள். தவளைகளுக்கு அது நல்லது. ஆனாலும் இந்த நான்காம் அடுக்கு வரைபடத்தையாவது ஒருமுறை உங்கள் கையால் வரைந்து பாருங்கள். எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பது அப்போதுதான் மனதில் பதியும்.

1981இல் நுண்பைகளின் மேல் சுமார் 65 கிலோடால்டன் எடையுள்ள ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். 1990இல் தாமஸ் சூடோஃபின் குழு அதன் முழு வரிசையையும் படித்தது. நுண்பையின் சவ்வில் ஒரு நங்கூரம். அதிலிருந்து வெளியே நீளும் வாலில், சி2 என்ற வகையைச் சேர்ந்த இரண்டு பகுதிகள். சி2ஏ மூன்று கால்சியம் அயனிகளைப் பிடிக்கும், சி2பி இரண்டைப் பிடிக்கும். பல அயனிகள் சேர வேண்டும் என்ற பழைய கணக்கோடு இது ஒத்துப்போனது. ஒரு நுண்பையில் இப்படிச் சுமார் 15 சினாப்டோடாக்மின்கள் இருப்பதாகப் பின்னால் எண்ணிச் சொன்னார்கள்.

ஆனால் கால்சியத்தைப் பிடிக்கிறது, சரியான இடத்தில் இருக்கிறது என்பதெல்லாம் நிரூபணம் ஆகாது. நரம்பு முனையில் கால்சியத்தைப் பிடிக்கும் புரதங்கள் நிறைய உண்டு. இங்கேதான் உங்கள் இரண்டாம் கேள்வி வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

1994இல் இந்தப் புரதம், அதாவது சினாப்டோடாக்மின் குடும்பத்தில் 1 என்று எண்ணிட்ட வகை, இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். குட்டிகள் பிறந்து 48 மணி நேரத்துக்குள் இறந்துவிட்டன. அவற்றின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் நரம்பணுக்களை எடுத்து வளர்த்துப் பார்த்தபோது, டிரான்ஸ்மிட்டர் வெளியேற்றம் முழுவதுமாக நிற்கவில்லை. மின்துடிப்போடு சேர்ந்து உடனே வரும் அந்தக் கூர்மையான வெளியேற்றம் மட்டும் காணாமல் போயிருந்தது. துடிப்புக்குப் பிறகு சிதறிச் சிதறி, தாமதமாக வரும் வெளியேற்றம் அப்படியே இருந்தது. அடர்த்தியான சர்க்கரைக் கரைசலை ஊற்றினால், கால்சியம் இல்லாமலேயே தயார் நுண்பைகள் கொட்டிவிடும். அதுவும் வழக்கம்போல நடந்தது. கருப்பு விதவைச் சிலந்தியின் நஞ்சு தூண்டும் வெளியேற்றத்திலும் குறையில்லை. அப்படியென்றால் நுண்பைகள் இருக்கின்றன, இணைக்கும் இயந்திரமும் கெடவில்லை. போனது நேரம் மட்டுமே. நேரம் தவறியதற்கே அந்தக் குட்டிகளால் இரண்டு நாள் தாங்க முடியவில்லை. மூளைக்குச் செய்தி வந்து சேர்வது மட்டும் போதாது, உரிய கணத்தில் வர வேண்டும் என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்லும் சோதனை எனக்குத் தெரியாது.

அப்போதும் சந்தேகம் கேட்க இடம் இருந்தது. சினாப்டோடாக்மின் கால்சியத்தை உணராமல், நுண்பையை வாயிலுக்கு அருகில் கட்டிவைக்கும் வேலையை மட்டும் செய்திருக்கலாம் அல்லவா? அப்படி இருந்தாலும் அதை நீக்கினால் வேகம் போய்விடும். இதற்கான பதில் 2001இல் வந்தது. புரதத்தை நீக்காமல், 233ஆம் இடத்தில் உள்ள ஆர்ஜினின் என்ற ஒரே ஓர் அமினோ அமிலத்தை மட்டும் குளூட்டமினாக மாற்றினார்கள். அதனால் சவ்வின் அருகில் புரதத்துக்குக் கால்சியத்தின் மேல் உள்ள பிடிப்பு ஏறக்குறைய பாதியானது. எலிகள் உயிரோடு இருந்தன. சினாப்ஸில் அளந்து பார்த்தால், வெளியேற்றத்தின் கால்சிய உணர்திறனும் அதே அளவுக்குக் குறைந்திருந்தது. ஒரு புரதத்தின் பிடிப்பைப் பாதியாக்கினால் முழுச் சினாப்ஸின் உணர்திறனும் பாதியாகிறது என்றால், உணர்வது அந்தப் புரதம்தான்.

2007இல் இன்னொரு வழியிலும் இதை உறுதிசெய்தார்கள். காதிலிருந்து வரும் செய்தியைக் கையாளும் மூளைத்தண்டில் ஒரு ராட்சத சினாப்ஸ் இருக்கிறது. ஹெல்டின் கேலிக்ஸ் என்பார்கள். அங்கே வேலை பார்ப்பது சினாப்டோடாக்மின்-2. அது இல்லாத எலிகளில், ஒளியால் விடுபடும் கால்சியத்தை நரம்பு முனை முழுக்க ஒரே சமயத்தில் பரப்பினார்கள். எல்லா இடத்திலும் கால்சியம் இருக்கும்போது, நுண்பை வாயிலுக்கு அருகில் இருக்கிறதா தள்ளி இருக்கிறதா என்ற கேள்விக்கே இடமில்லை. அப்படியும் வேகமான வெளியேற்றம் வரவில்லை. ஐந்தாம் அடுக்கை ஒட்டி ஏற வேண்டிய வரைபடம் இரண்டாம் அடுக்கு அளவுக்குச் சாய்ந்துவிட்டது. பின்னணியில் வேறொரு மெதுவான உணரியும் இருக்கிறது என்பது இதிலிருந்தே தெரிந்தது. சினாப்டோடாக்மின் குடும்பத்தில் பாலூட்டிகளுக்கு 17 உறுப்பினர்கள். அவற்றில் 1, 2, 9 மூன்றும் வேகக்காரர்கள். 7 மெதுவானது, ஆனால் சிறிதளவு கால்சியத்தையும் விடாமல் பிடிக்கும். அடுத்தடுத்துத் துடிப்புகள் வரும்போது சினாப்ஸ் சூடுபிடித்து, இரண்டாவது துடிப்புக்குக் கூடுதலாகக் கொட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி, கால்சியம் ஒட்டியதும் புரதத்தில் என்ன நடக்கிறது? சி2 பகுதியின் நுனியில் உள்ள வளைவுகளில் ஆஸ்பார்டேட் என்ற எதிர்மின்னூட்ட அமினோ அமிலங்கள் கூட்டமாக இருக்கின்றன. சவ்வும் எதிர்மின்னூட்டம் உள்ளது. ஆகவே ஓய்வில் இரண்டும் விலகி நிற்கின்றன. நேர்மின்னூட்டம் கொண்ட கால்சியம் வளைவுக்குள் உட்கார்ந்ததும் அந்த விலக்கம் தீர்ந்துபோகிறது. வளைவின் நுனி சவ்வுக்குள் பாய்ந்து புதைகிறது. புரதம் பெரிதாக உருமாறுவதில்லை. மாறுவது பெரும்பாலும் மின்னூட்டக் கணக்குதான். தனியாக இருக்கும் சினாப்டோடாக்மினுக்குக் கால்சியத்தின் மேல் பிடிப்பு குறைவு. சவ்வு பக்கத்தில் இருந்தால் பிடிப்பு பல மடங்கு ஏறும். எனவே நுண்பை சவ்வை ஒட்டி நிற்கும் இடத்தில் மட்டுமே இந்த உணரி கூர்மையாகிறது. வேறு எங்கோ மிதக்கும் நுண்பை தவறுதலாகக் கொட்டுவதில்லை. இரண்டு சி2 பகுதிகளில் சி2பிதான் முக்கியம் என்று 2002இல் பழ ஈக்களில் செய்த சோதனைகள் காட்டின. அதன் கால்சியப் பிடியைக் கெடுத்தால் வெளியேற்றம் ஏறக்குறைய நின்றே போகிறது.

சவ்வுக்குள் பாய்ந்த பிறகு ஸ்நேர் கட்டு எப்படி விடுபடுகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. சினாப்டோடாக்மின் சவ்வை வளைத்து இணைப்பை எளிதாக்குகிறது என்கிறார்கள் சிலர். கால்சியம் வரும்வரை சினாப்டோடாக்மின்களே நுண்பையின் அடியில் வளையமாக நின்று தடுக்கின்றன, கால்சியம் வந்ததும் வளையம் கலைகிறது என்பது வேறு சிலரின் கருத்து. காம்ப்ளெக்சின் என்ற சிறு புரதத்துக்கும் இந்தத் தடுப்பில் பங்கு இருக்கிறது. எனக்கு இவை ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றவில்லை. தடுப்பதும் தள்ளுவதும் ஒரே புரதத்தின் இரண்டு நிலைகளாக இருக்கலாம். நுண்பைகள் செல்லுக்குள் போக்குவரத்து செய்யும் விதத்தைக் கண்டறிந்ததற்காக ஜேம்ஸ் ராத்மன், ராண்டி ஷெக்மன், சூடோஃப் மூவரும் 2013இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோதும் இந்தப் பகுதி முடிந்திருக்கவில்லை.

இதெல்லாம் ஆய்வகத்தோடு நின்றுவிடும் விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையிலோ வேறு எந்தப் பிரசவ வார்டிலோ, கர்ப்பகால இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்த பெண்ணுக்கு மெக்னீசியம் சல்ஃபேட் போடுவார்கள். போட்ட பிறகு, அடுத்த டோஸுக்கு முன்பு டாக்டர் ஒரு சிறு சுத்தியலால் அவர் முட்டியில் தட்டிப் பார்ப்பார். கால் துள்ளினால் சரி. துள்ளவில்லை என்றால் மருந்தை நிறுத்திவிடுவார்கள். மெக்னீசியம் நரம்பு முனையின் கால்சியம் வாயிலில் போட்டி போடுகிறது. உள்ளே நுழையும் கால்சியம் குறைகிறது. மெக்னீசியத்தால் சினாப்டோடாக்மினைத் தூண்டவும் முடியாது. நான்காம் அடுக்குக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்: நுழையும் கால்சியம் கொஞ்சம் குறைந்தாலே வெளியேற்றம் பலமாகச் சரிந்துவிடும். முட்டி அசையாமல் போவது முதல் எச்சரிக்கை. அதையும் கவனிக்காமல் விட்டால் சுவாசத் தசைகள் ஓய்ந்துவிடும். முறிமருந்தாக இரத்தக் குழாயில் மெதுவாக ஏற்றுவது கால்சியம் குளுகோனேட். 1967இன் வரைபடம் ஒரு தாயின் கட்டிலருகே இப்படி வேலை செய்கிறது.

பொட்டுலினம் நஞ்சுக்கும் இங்கே தொடர்பு உண்டு. அதன் பி வகை, நரம்பு முனைக்குள் நுழைவதற்குச் சினாப்டோடாக்மினையே பிடித்துக்கொள்கிறது. நுண்பை கொட்டும்போது அதன் உட்பகுதி ஒரு கணம் வெளியே தெரியும் அல்லவா, அந்த நேரத்தில் ஒட்டி, நுண்பை திரும்பும்போது கூடவே உள்ளே போய்விடுகிறது. போனதும் சினாப்டோபிரெவினை வெட்டுகிறது. அழகு நிலையங்களில் பெரும்பாலும் போடும் போடாக்ஸ் ஏ வகை. அதற்கு நுழைவாயில் வேறு, அது வெட்டுவது ஸ்நாப்-25. சினாப்டோடாக்மின்-1 மரபணுவிலேயே மாற்றத்தோடு பிறக்கும் குழந்தைகளும் மிக அரிதாக இருக்கிறார்கள். தசைத் தளர்ச்சி, தானாக வரும் அசைவுகள், வளர்ச்சித் தாமதம் ஆகியவை அவர்களுக்கு இருக்கும். 2015இல்தான் முதல் குழந்தையைப் பற்றிய விவரம் வெளியானது.

கடைசியாக, காது. உள்காதில் ஒலியை உணரும் உள்முடி செல்கள் இந்த வேலைக்குச் சினாப்டோடாக்மின்-1ஐ நம்புவதில்லை. அங்கே கால்சியத்தை உணர்வது ஓட்டோஃபெர்லின் என்ற பெரிய புரதம். அதிலும் பல சி2 பகுதிகள் உண்டு. அதன் மரபணு இரண்டு பிரதிகளிலும் கெட்டிருந்தால் குழந்தைக்குக் காது கேட்காது. பெற்றோர் இருவரிடமிருந்தும் கெட்ட பிரதி வர வேண்டும் என்பதால், சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் வாய்ப்பு கூடும். இந்தக் குழந்தைகளின் முடி செல்கள் அசைகின்றன, கால்சியமும் நுழைகிறது, நரம்பும் நன்றாக இருக்கிறது. டிரான்ஸ்மிட்டர் மட்டும் வெளியேறுவதில்லை. அதனால் காக்ளியர் இம்ப்ளான்ட் இவர்களுக்கு நன்றாகவே பலன் தருகிறது. இந்த மரபணு ஒரே வைரஸ் உறைக்குள் அடங்காத அளவுக்குப் பெரியது என்பதால், அதை இரண்டாகப் பிரித்து இரண்டு வைரஸ்களில் ஏற்றி உள்காதில் செலுத்தும் சிகிச்சையின் முடிவுகளைச் சீனாவில் ஷாங்காயில் உள்ள மருத்துவர்கள் 2024 ஜனவரியில் வெளியிட்டார்கள். ஆறு குழந்தைகளில் ஐந்து பேருக்குக் கேட்கும் திறன் வந்திருந்தது.

ஆனால் சிகிச்சைக்கு முன்னால் கண்டுபிடிக்க வேண்டுமே. பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் ஓஏஇ சோதனை, வெளிமுடி செல்களின் எதிரொலியை மட்டுமே அளக்கிறது. ஓட்டோஃபெர்லின் இல்லாத குழந்தை அதில் தேறிவிடும். ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போகிறதா என்று காட்டுவது பெரா சோதனை. எனவே ஓஏஇ ரிப்போர்ட் சரியாக இருந்தும், கூப்பிட்டால் குழந்தை திரும்பிப் பார்ப்பதில்லை என்று உங்களுக்குத் தெரிந்த யாராவது சொன்னால், காத்திருக்காமல் பெரா எடுக்கச் சொல்லுங்கள்.